யார் முதலில் கை எடுப்பது

ஓர்ஸ் ஹில்லில் வீடுகள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கும். முனாப்பின் வாசல் மேல் றோட்டில். இரத்தினசிங்கத்தின் வாசல் கீழ் ஒழுங்கையில். இரண்டு பின்வளவுக்கும் நடுவில் ஒரு மதில், மதிலில் ஒரு சின்னப் படலை. அந்தப் படலை இல்லாவிட்டால் ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குப் போக ஏற்றத்தைச் சுற்றி வர வேண்டும். சுற்றும் வளைவில்தான் என் வீடு. இரண்டு வாசலும் தெரியும். நானாகத் தேடி எடுத்த இடமில்லை, சீதனமாக வந்தது. வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டா இருக்க முடியும்?

இரத்தினசிங்கத்தின் மூத்த மகளுடைய கலியாணத்துக்குச் சமையல் பந்தல் முனாப்பின் வளவில்தான் போட்டார்கள். இரத்தினசிங்கத்தின் வளவில் ஓர் ஓட்டோ திரும்பவே இடம் போதாது. இப்போது இளையவள் தர்சிகாவுக்கு ஆவணியில் கலியாணம். மாப்பிள்ளை பகுதி குச்சவெளியிலிருந்து இரண்டு பஸ்ஸில் வரும். படலையோ மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதுவும் ஒரு பூட்டு இல்லை. முனாப் தன் பக்கம் ஒன்று போட்டார். அவர் போட்டால் நான் என்ன குறைச்சலோ என்று இரத்தினசிங்கம் தன் பக்கம் ஒன்று போட்டார்.

மண்டபம் எடுப்போம் என்று இரத்தினசிங்கம் சொல்லிப் பார்த்தார்.

“மூத்தவளுக்கு வீடு, இளையவளுக்கு மண்டபமோ? ஊர் என்ன கதைக்கும்?” என்றார் அவர் மனைவி பாக்கியம்.

ஊர் என்று அவர் சொன்னது என்னைத்தான்.

பூட்டு விழுந்ததற்குக் காரணம் மான். எங்கள் டவுனில் மான்கள் நாய்களைப் போலத் திரியும், மாடுகளைப் போல மேயும், மனுசரைப் போலக் கண்டதையும் தின்னும். மூன்று வருடத்துக்கு முந்திய ஹஜ் பெருநாளுக்கு முனாப்பின் மனைவி சுஹைரா படலை வழியே கோழிப் புரியாணி கொண்டுவந்து கொடுத்தாள். பாக்கியம் வீட்டில் அந்த வாரம் அம்மன் கோயில் விரதம், மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் புழங்காத நாட்கள். “விரதம், பிள்ளை” என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கொண்டுவந்தவளின் முகம் வாடிப்போகுமே என்று பாக்கியம் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார். பிறகு அதைச் சோறு கட்டும் லஞ்ச் சீற்றில் சுற்றி, நாய்களாவது தின்னட்டும் என்று வளைவில் மதகடியில் வைத்துவிட்டுப் போனார். நாய்கள் வரவில்லை. மான்கள் வந்தன. லஞ்ச் சீற்றை வாயில் கவ்வி, ஏற்றத்தில் இழுத்துக்கொண்டு போய், ஊரில் வேறு இடமே இல்லாததுபோல் முனாப்பின் வாசலில் வைத்துச் சாப்பிட்டன. மான் சைவம் அல்லவா? சோற்றைத் தின்றுவிட்டுக் கோழித் துண்டுகளை வரிசையாக விட்டுப் போயின. சுஹைரா தன் கையால் பொரித்துப் போட்ட துண்டுகள். அவளுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சத்தம் கேட்கவில்லை. மறுநாள் விடிய, பூட்டு மட்டும்.

இந்த வருடம் ஹஜ் பெருநாளுக்கு முந்திய கிழமை, முனாப் தானே ஏற்றமிறங்கி வந்து இரத்தினசிங்கத்தின் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. றோட்டில் நின்றபடியே, “அண்ணன், பெருநாளண்டு பகல் சாப்பாடு எங்கட வீட்டதான். அக்காவயும் கூட்டிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அவர்களைக் கூப்பிடாவிட்டால் பெருநாளைக்கு அடுப்பே மூட்டமாட்டேன் என்று சுஹைரா சொன்னதாகக் கேள்வி. யாரிடம் கேள்வி என்று கேட்கக் கூடாது. அவள் என்னையும் கூப்பிட்டாள். “நீங்களும் வாங்க லோகாக்கா, நீங்க வராட்டி மதிலுக்கு மேலால எட்டிப் பாத்துக் கழுத்துச் சுளுக்கிரும்” என்றாள். அவள் வாய்க்கு ஈடில்லை.

பெருநாள் அன்று பகல், பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அவர்கள் வீட்டுக் குசினி வாசலால் நுழைந்தேன். நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இரத்தினசிங்கம் வேட்டி சட்டையெல்லாம் போட்டு, திருநீறு பூசி, மேசையில் இருந்து பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிட்டு, சொதி, முட்டைப் பொரியல். கோப்பையில், தட்டு மறையும் அளவுக்குக் குவியல்.

“என்ன அண்ணே இது, விருந்துக்கல்லோ போறம்?”

அவர் வாய் நிறையப் பிட்டு. பதில் பாக்கியம் சொன்னார். “ஹஜ் பெருநாள், லோகா. குர்பான் குடுக்கிற நாள். மாட்டிறைச்சிதானே இருக்கும்? இவர் பசியோட போய் இருந்து, ஒண்டையும் தொடாமல் எழும்பினால் திரும்பவும் பழைய கதைதான். வயிறு நிரம்பி இருந்தால் வாழைப்பழமும் தண்ணியும் எடுத்துச் சிரிச்சுக்கொண்டு இருக்கலாம்.” பிறகு கணவரைப் பார்த்து, “இன்னும் நாலு குழல் இருக்கு, ரெண்டு போடவே?” என்றார்.

“காணும் பாக்கியம். நெஞ்சுக்கு வந்திட்டுது.”

“நெஞ்சுக்கு வந்தால்தான் முகத்தில பசி தெரியாது. இந்தாங்கோ.”

போட்டார். அவர் சாப்பிட்டார். கோப்பையைக் கூடக் கழுவவில்லை, நேரமாகிவிட்டது என்று அப்படியே மேசையில் விட்டு மூன்று பேரும் ஏற்றம் ஏறினோம். கச்சான் காற்று நெருப்பாக அடித்தது. கீழே துறைமுகத்துத் தண்ணீர் ஈயம் உருக்கி ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. பாதி ஏற்றத்தில் இரத்தினசிங்கம் நின்று மூச்சு வாங்கினார்.

“ஒண்டு சொல்லுறன்,” என்றார் பாக்கியம், “தாறதை வேண்டாம் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. பிள்ளையின்ர கலியாணம் உங்கட வாயிலதான் இருக்கு.”

பாவம், அந்த வாயில் அப்போது இடமே இருக்கவில்லை.

முனாப் வாசலுக்கு வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். புதுச் சாரம், வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம். சுஹைராவின் நானா, கூடப்பிறந்த அண்ணன், மூதூரில் நெல் ஆலை வைத்திருக்கிற ஹஸனும் வந்திருந்தார். ஆள் பெரிய ஆள், சிரிப்பு அதைவிடப் பெரிசு. ஆண்களுக்கு விறாந்தையில் பாய் விரித்திருந்தது. பெண்கள் எங்களுக்கு உள் அறையில். நடுவில் ஒரு சீலைத் திரை. கச்சான் காற்று அந்தத் திரையை ஒரு நிமிடம்கூடச் சும்மா விடவில்லை. அதற்கு நேரே நான் இருந்தேன். அதுவும் நானாகத் தேடி எடுத்த இடமில்லை, கொஞ்சம்தான் தள்ளி இருந்தேன்.

உட்கார முதல் சுஹைரா பாக்கியத்தைக் கையைப் பிடித்துக் குசினிக்குக் கூட்டிப் போனாள். நானும் போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய அலுமினியச் சட்டிகள், கண்ணாடி மாதிரி மினுங்கின. கடைக்காரன் ஒட்டிய கடதாசி இன்னும் உரியாமல் இருந்தது.

“அக்கா, இது நேத்துத்தான் கடையில வாங்கின சட்டி. அகப்பையும் புதிசு. எங்கட இறைச்சி அந்தப் பக்கம் வேற சட்டியில, வேற அடுப்பில. உங்களுக்குக் கோழி. நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வேணாம்.”

பாக்கியம் அந்தச் சட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் கடைசியாகப் போட்ட இரண்டு குழல் பிட்டும் தெரிந்தன.

சாப்பாடு சஹனில் வந்தது. சஹன் என்பது ஒரு பெரிய தட்டம். அதைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து அவரவர் சாப்பிடுவது. ஐந்தாறு பேர் சாப்பிடும் சஹனில் அன்று விறாந்தையில் மூன்று பேர். புரியாணிச் சோற்றுக்கு நடுவில் கோழி மலை, சுற்றிவர அவித்த முட்டை, கத்தரிக்காய் மோஜு, அச்சாறு. வீட்டுக்காரர் நல்ல துண்டைப் பிய்த்து விருந்தாளியின் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார், அது முறை. விருந்தாளி கையை எடுக்கும்வரை வீட்டுக்காரர் கையை எடுக்க மாட்டார், அதுவும் முறை.

இந்த இரண்டாவது முறையைத்தான் இரத்தினசிங்கம் தலைகீழாக விளங்கி வைத்திருந்தார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த காலத்தில் கிண்ணியாவில் ஒரு கலியாணத்துக்குப் போய், சஹனில் இருந்து, தனக்குப் போதும் என்று முதலாவதாகக் கையை எடுத்துவிட்டார். உடனே மற்ற ஐந்து பேரும் கையை எடுத்து எழும்பிவிட்டார்கள். பாதி வயிறு, ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. பிறகு கூட வேலை செய்த ஒருவர், “சிங்கம், நீங்க கைய எடுத்ததால நாங்க பட்டினி” என்று பகிடியாகச் சொன்னாராம். அந்தக் கதையைப் பாக்கியம் எனக்குப் பத்துத் தரமாவது சொல்லியிருப்பார். அன்றிலிருந்து சஹனில் முதலில் கை எடுப்பது பெரும் பாவம் என்று அவர் மனதில் பதிந்துவிட்டது.

ஆகவே இப்போது நிலைமை என்னவென்றால், முனாப் கையை எடுக்கட்டும் என்று இரத்தினசிங்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரத்தினசிங்கம் கையை எடுக்கட்டும் என்று முனாப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முனாப்புக்குச் சீனி வருத்தம். சுஹைரா ஒவ்வொரு நாளும் அவருக்குச் சோற்றைச் சுண்டு என்ற சின்னப் பேணியால் அளந்துதான் போடுவாள். கோதுமை ரொட்டி அரைவாசிக்கு மேல் கேட்டால் குசினியில் யுத்தம் நடக்கும், என் வீட்டுக்குக் கேட்கும். அந்த மனுசன் இன்று இரத்தினசிங்கத்தின் கைக்குக் கை வாயில் போட்டுக்கொண்டிருந்தார். திரை எழும்பும்போதெல்லாம் சுஹைராவும் அதைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“எடுங்க அண்ணன், எடுங்க. இந்தத் தொடை உங்கட.”

“நீங்களும் எடுங்கோ தம்பி.”

“நான் எடுக்கிறன், நீங்க முதல்ல எடுங்க.”

“சாப்பாடு அந்த மாதிரி, நல்ல ருசி.”

“எங்க அண்ணன், நீங்க கொறிக்கிறீங்க. கூச்சப்படாதீங்க!” இது ஹஸன். அவர் இன்னொரு தொடையைப் பிய்த்துத் தள்ளினார்.

பிட்டுக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே போன பிறகுதான் அது வேலையைத் தொடங்கும். கொஞ்சம் தண்ணீர் பட்டால் ஊறும், ஊறினால் பொங்கும். இரத்தினசிங்கம் தொண்டையில் அடைத்ததற்கு ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தார். குடித்ததும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். வேட்டி இடுப்பை மெதுவாகத் தளர்த்தினார். மடித்த காலை மாற்றி மடிக்கப் பார்த்தார், முடியவில்லை. நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்து மூக்குவழி இறங்கியது.

உள் அறையில், எங்கள் சஹனடியில் பக்கத்தில் இருந்த பாக்கியம் என் தொடையைக் கிள்ளினார். “லோகா, மனுசன் செத்துப்போயிருமடி. ஏதாவது செய்.”

“என்னத்தைச் செய்ய?”

“எனக்குத் தெரியேல்ல. நீதானே எல்லாத்தையும் கதைக்கிறனி.”

அதுதான் வந்த வினை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாயில் ஒரு கதை இருந்தது, அதை அவிழ்க்க முடியாமல் இருந்தது. ‘அவர் வீட்டில் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தவர், விடுங்கோ’ என்று சொன்னால் இரத்தினசிங்கம் பிழைத்தார். ஆனால் புதுச் சட்டி வாங்கி, வேறு அடுப்பு மூட்டிச் சமைத்தவளின் வீட்டுக்கு, அவளை நம்பாமல் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள் என்று ஆகிவிடும். மானாவது பரவாயில்லை, அது மிருகம்.

கொஞ்ச நேரத்தில் விறாந்தையில் கதை நின்றுபோனது. பார்த்தால், மூன்று பேரும் சாப்பிடவில்லை. ஹஸனுக்கும் நிரம்பிவிட்டது போலும். மூன்று கைகளும் சோற்றைத் தடவிக்கொண்டு, பிசைவதுபோல் பிசைந்து, வாய்க்குக் கொண்டுபோவதுபோல் தூக்கி, திரும்பவும் சஹனுக்குள் இறங்கின. வெளித் துறைமுகத்தில் உள்ளே வர அனுமதி கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருக்கிற கப்பல்கள் மாதிரி. யாரும் நங்கூரம் தூக்கவும் இல்லை, போடவும் இல்லை.

அந்த நேரம் சுஹைரா எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது சஹனின் நடுவில் விழுந்த பள்ளம் மட்டும்தான்.

“அல்லாஹ், சோறு முடியப்போகுது!” என்று ஓடினாள். புதுச் சட்டியோடு வந்து, பள்ளத்தை மலையாக்கிவிட்டுப் போனாள்.

இரத்தினசிங்கம் அந்த மலையைப் பார்த்த பார்வையை நான் என் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். ஆனால் சிரித்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். “பிள்ளையின்ர கைப்பக்குவம்…” என்று தொடங்கி, விக்கல் வந்து, மிச்சத்தை விழுங்கினார். பக்கத்தில் முனாப் கண்ணை மூடித் திறந்தார். பிஸ்மில்லாஹ் என்று உதடு அசைந்தது. இருவரும் ஒரே நேரத்தில் கையை மலையில் வைத்தார்கள்.

அப்போதுதான் வாசலில் ஏதோ அசைந்தது. நாங்கள் வந்தபோது கேற்றைச் சாத்தாமல் விட்டிருக்கிறோம். உள்ளே ஒரு மான் நின்றது. கொம்பு வைத்த கிடாய். சுஹைராவின் குரோட்டன் செடியை ஆறுதலாக மென்றுகொண்டிருந்தது.

கடவுளே, வழி கிடைத்தது என்று நினைத்தேன். செடியைக் காப்பாற்ற முனாப் எழும்பத்தான் வேண்டும், அவர் எழும்பினால் எல்லோருக்கும் விடுதலை. திரையை விலக்கி, “முனாப் தம்பி! உங்கட வாசலில ஒரு…” என்று சத்தம் போட்டேன். போட்ட பிறகுதான் நாக்கு நின்றது.

நாங்கள் வந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் சொல்லாத ஒரே சொல் அது. எல்லோரும் அதைச் சுற்றி வளைத்து வளைத்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்…

“ஒரு?” என்றார் முனாப்.

“ஒரு… ஒண்டு நிக்குது.”

“என்ன ஒண்டு?”

மாடு என்று சொல்லலாமா என்று பார்த்தேன். ஹஜ் பெருநாளில், இரத்தினசிங்கத்தை வைத்துக்கொண்டு அதையும் சொல்ல முடியாது. ஆடு என்றால் கொம்பைப் பார்த்துச் சிரிப்பார்கள். பாக்கியம் பின்னால் என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

ஹஸன் கழுத்தை நீட்டிப் பார்த்தார். மூதூரில் இருப்பவருக்கு அந்தக் கதை காற்றுவாக்கில் எட்டியிருந்தாலும், எந்த வீட்டுக் கதை என்று தெரியாது. வீட்டில் அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. “அட, மான்!” என்றார் சந்தோசமாக. “டவுன் மான் புரியாணியும் தின்னுமாமே, மெய்தானா மச்சான்?”

உள்ளே சுஹைராவின் கையில் இருந்த அகப்பை அந்தரத்தில் நின்றது. முனாப் சஹனைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். அவருடைய காது மடல் சிவப்பதைப் பார்த்தேன். அவ்வளவுதான், பூட்டு மேல் இன்னொரு பூட்டு, தர்சிகாவின் கலியாணம் மண்டபத்தில் என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

இரத்தினசிங்கம் சஹனிலிருந்து கையை எடுத்தார்.

முதலாவதாக எடுத்தார். எடுத்த கையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, விக்கலுக்கு நடுவில் சொன்னார்:

“ஓம் தம்பி ஹஸன், தின்னும். என்ர பங்கை ஒருக்காத் திண்டது. முனாப், அண்டைக்கு எங்களுக்கு விரதம். சொல்ல வெக்கப்பட்டு வாங்கிப்போட்டு, செய்யக்கூடாத வேலை செய்தனாங்கள். இண்டைக்கு என்ர பங்கையும் திண்டு, அந்த மானின்ர பங்கையும் திண்டிட்டன். இனி ஒரு பருக்கை இறங்காது. கை எடுக்கிறன், குறை நினைக்காதேங்கோ.”

முனாப்பின் கையும் சஹனை விட்டு மேலே வந்தது. வேகமாக வந்தது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய மூச்சு விட்டார்.

“விரதம் எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா, சுஹைரா மரக்கறி ஆக்கித் தந்திருப்பாளே அண்ணன்.”

“அதுதான் பிழை.”

“நானும் வாசலுக்கு வந்து கேக்காம பூட்டுப் போட்டது பிழைதான்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நீங்க கை எடுக்கமாட்டீங்களா எண்டுதான் நான் இவ்வளவு நேரமும் பாத்துக்கிட்டிருந்தன். என்ர சீனி இப்ப எத்தினையோ தெரியாது” என்றார்.

“நீங்க எடுக்கட்டும் எண்டல்லோ நான் இருந்தனான்!”

ஹஸனுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. சிரித்தார் பாருங்கள், மான் குரோட்டனை விட்டுவிட்டுப் பாய்ந்து றோட்டில் நின்றது. “ரெண்டு பேரும் எனக்கொரு சொல் சொல்லியிருந்தா நான் எப்பவோ எடுத்திருப்பேன். உங்களப் பாத்து நானும் கையத் தடவிக்கிட்டு இருந்தேன்!”

கை கழுவத் தண்ணீர் வந்தது. சுஹைரா தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த இனிப்பு வட்டிலப்பத்தோடும் வந்தாள். மூன்று ஆண்களும் அதைப் பார்த்த விதத்தில், அவளாகவே திரும்பக் கொண்டுபோனாள். கிண்ணத்தில் போட்டுத் தருகிறேன், வீட்டில் வைத்துச் சாப்பிடுங்கள் என்றாள்.

எழும்பும்போதுதான் அடுத்த பிரச்சினை. இரத்தினசிங்கத்தின் கால் மரத்துப்போயிருந்தது. வயிறு வேறு பாயோடு பாயாக அழுத்தியது. ஹஸன் ஒரு பக்கம், முனாப் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். நின்றார். ஏற்றத்தைச் சுற்றி நடப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

“பின்னால போவம்,” என்றார் முனாப்.

அவர் பூட்டின் திறப்பைத் தேடப் போவார் என்று நினைத்தேன். தேவைப்படவில்லை. சுஹைராவின் இடுப்பில் இருந்தது. பூட்டில் போட்டதும், மூன்று வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்த பூட்டு, ஒரு முனகலும் இல்லாமல் திறந்தது. கிட்டப்போய் முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய். அடுத்த பக்கத்துப் பூட்டுக்கு, படலையின் கம்பி இடைவெளியால் கையை விட்டு, பாக்கியம் தன் ஹாண்ட்பாக்கிலிருந்து எடுத்த திறப்பைப் போட்டார். விருந்துக்கு வரும்போதே கொண்டுவந்திருக்கிறார். இந்த இரண்டு பெண்களும் எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. எவ்வளவு அழுத்தம்!

இரத்தினசிங்கத்தை அவர் வீட்டுக் கதிரையில் கொண்டுபோய்ச் சாய்த்தார்கள். பந்தல்கால் எங்கே நடுவது என்று முனாப் படலை வழியே தன் வளவைக் கண்ணால் அளக்கத் தொடங்கிவிட்டார். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் வீட்டுக்குப் போகத் திரும்பினேன்.

“அக்கா, இத எங்க வைக்க? குசினியிலயா?” சுஹைராவின் குரல். வட்டிலப்பக் கிண்ணத்தோடு குசினிக்குள் போகிறாள்.

பாக்கியமும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஓடினோம். பிந்திவிட்டது.

மேசையில் எல்லாம் அப்படியே இருந்தன. பிட்டுக் குழல். சொதிச் சட்டி. முட்டைப் பொரியல் ஒட்டிய கோப்பை. இன்னும் காயவில்லை. சுஹைரா கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். கோப்பையை ஒரு விரலால் தொட்டாள்.

“இது… இண்டைக்கா?”

நான் சாப்பிட்டதாக இருக்கட்டும் என்று, “நான்தான் பிள்ளை…” என்று தொடங்கினேன்.

“நீங்க சாப்பிட்டிருந்தா கோப்பையில திருநீறு விழுந்திருக்காது, லோகாக்கா.”

மெய்தான். விளிம்பில் வெள்ளையாக ஒரு துளி. என் கண்ணுக்கே படாதது. இந்தத் தொழிலில் எனக்குப் போட்டியாக ஒருத்தி இருக்கிறாள் என்று அன்றுதான் கண்டேன்.

அவள் முகம் ஒரு கணம் இறுகியது. புதுச் சட்டிகள், வேறு அடுப்பு, எல்லாம் அந்த முகத்தில் வந்து போயின. பாக்கியம் அவள் கையைப் பிடித்தார். “மாட்டிறைச்சிதான் இருக்கும் எண்டு நினைச்சிட்டன், பிள்ளை. இவர் ஒண்டையும் தொடாமல் உன்ர மனதைத் திரும்ப நோகடிச்சிருவாரெண்ட பயம்.”

சுஹைரா குழலைப் பார்த்தாள். “எத்தின குழல்?”

“நாலு.”

“நாலு குழல் பிட்டுக்கு மேலயா அந்தத் தொடையெல்லாம் போனது?”

“ஓம்.”

“பிறகு நான் மலைமாதிரிப் போட்டனே, அதிலயும் கை வச்சார்.”

“வச்சவர்.”

சுஹைரா உதட்டைக் கடித்தாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று கிட்டப் போனேன். சிரிப்பு. வட்டிலப்பம் கிண்ணத்தில் ஆடியது. “பசியோட வந்து சாப்பிடுறது என்ன பெரிய விசயம் அக்கா? எங்கட வீட்டுச் சோத்துக்கு இந்த மனுசன் உயிரையே வைக்கப் பாத்திருக்கார்!”

பாக்கியத்துக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் குணமும் வந்துவிட்டது. “இரு பிள்ளை. மூண்டு வருசத்துக்குப் பிறகு இந்தப் படலையால வந்திருக்கிறாய். வெறுங்கையோட, வெறும் வயித்தோட போகக்கூடாது. ரெண்டு குழல் மிச்சம் இருக்கு.”

“ஐயோ அக்கா, நான் இப்பதானே சாப்பிட்டன்.”

“ஒரு கைப்பிடி. வேண்டாம் எண்டு சொல்லிப்போடாதே.”

சுஹைரா என்னைப் பார்த்தாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நகர்ந்தேன்.

“லோகா, நீ எங்க போறாய்? நீயும் இரு. ஒரே கோப்பையில மூண்டு பேரும் சாப்பிடுவம்.”

பெரிய தாம்பாளம் ஒன்றைக் கழுவி எடுத்தார். இரண்டு குழல் பிட்டையும் அதில் தட்டி, சொதியை ஊற்றி, நடுவில் முட்டைப் பொரியலைக் குவித்தார். மூன்று பேரும் கதிரையை இழுத்துப் போட்டோம். சுஹைரா ஒரு வாய் எடுத்தாள். விழுங்கக் கஷ்டப்பட்டாள். பாக்கியம் முட்டைப் பொரியலைப் பிய்த்து அவள் பக்கம் தள்ளினார். அவள் அதில் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினாள். எனக்குத் தொண்டைவரை புரியாணி.

வெளியே முனாப், “சுஹைரா, போவமா?” என்று கூப்பிட்டார்.

“இந்தா வாறன்,” என்றாள். ஆனால் கையை எடுக்கவில்லை. பாக்கியமும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் என் கையைப் பார்த்துக்கொண்டு, பிட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்கள்.